காலியாகக் கிடந்த கருப்பு முனை

அண்ணனோடு எனக்கு இன்றைக்கும் பேச்சுவார்த்தை உண்டு. அவன் கையில் ஒரு துண்டு வயரைப் பார்த்தால் மட்டும் எழுந்து போய்விடுவேன்.

என்னிடம் கண்ணாடிக் குழல் வால்வுகள் வைத்த ஓர் ஆம்ப்ளிஃபயர் இருந்தது, இடமும் வலமும் தனித்தனியாக ஒலிக்கும் ஸ்டீரியோ. வெலிங்டன் தீவுக் கிடங்கில் நாள் முழுக்க லாரி இரைச்சலில் நின்றுவிட்டு மட்டாஞ்சேரிக்குத் திரும்பி, சாயாவோடு அதன் முன்னால் உட்காரும் நேரம் ஒன்றுதான் எனக்கென்று இருந்தது.

எங்கள் தெருக்கோயில் திருவிழாவில் வாடகை ஆம்ப் புகைந்துபோனதும் அண்ணன் வந்து நின்றான். அவன்தான் கமிட்டித் தலைவர். பக்கத்துத் தெரு மைக்செட்டு காதைக் கிழிக்கிறதாம், நம்முடையது அதைவிடக் கிழிக்க வேண்டுமாம். சாமி கேட்டதா இதை?

"எடி, மானப் பிரச்சினை. உன் பெட்டியைத் தா."

தலையெழுத்தே என்று நானே கொண்டுபோய் வைத்தேன். பின்னால் ஒரு சுவிட்ச் உண்டு. அதை மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே பக்கமாக இரட்டைப் பலத்தில் ஓடும், பிரிட்ஜ் மோனோ. அப்போது ஸ்பீக்கர் வயர் இரண்டும் சிவப்பு முனைகளுக்குத்தான் போக வேண்டும். கருப்பைத் தொடக் கூடாது என்று எல்லார் முன்னாலும் சொன்னேன்.

"சேச்சி போய்ச் சாப்பிடுங்க, இதெல்லாம் நாங்க எத்தனை பார்த்திருக்கோம்," என்றார் ஒருவர்.

சாப்பிட்டுத் திரும்பினால் சத்தம் பாதிதான் வந்தது. அதனால் வால்யூமைக் கடைசிவரை திருகி வைத்திருந்தார்கள். கருகிய வார்னிஷ் நாற்றம், அதன்மேல் மல்லிகையும் புளித்த சாம்பாரும். வலப்பக்க வால்வுகளுக்குள் தகடு பழுக்கக் காய்ந்து சிவந்திருந்தது. கமிட்டிக்காரர் ஒருவர் அழகாயிருக்கிறதென்று அதைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். பிளக்கைப் பிடுங்கினேன்.

இங்கே பந்தலில் எல்லா ஸ்பீக்கரின் கருப்பு வயரையும் ஒன்றாக முறுக்கி ஒரே வயராக இழுப்பார்கள், வயர் மிச்சமாகும் என்று. கருப்பு முனை காலியாகக் கிடப்பதை அண்ணனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒரு துண்டு வயரால் அதை வலப்பக்கச் சிவப்போடு சேர்த்து முறுக்கிவிட்டான். அந்தப் பக்கம் ஷார்ட்டாகி, அவ்வளவு நேரமும் தன்னையே வேகவைத்துக்கொண்டிருந்தது.

"சும்மாதானே கெடந்துச்சு? எப்பவும் அப்படித்தானே கட்டுவோம்," என்றான். பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் பூசி அனுப்பினான். கழுவக் கழுவ எனக்கு அருவருப்பு போகவில்லை. அதன் வலப்பக்கத்தில் கருகிப்போன டிரான்ஸ்ஃபார்மரைத் திரும்பச் சுற்றித் தர எர்ணாகுளத்தில் ஒருவரும் கிடைக்கவில்லை.

அடுத்த வாரம் சமாதானம் பேச வந்தான். பெட்டியின் சுவிட்சை ஸ்டீரியோவுக்குத் திருப்பி ஒரு பழைய ஜோடிப்பாட்டைப் போட்டேன். அதில் ஆண் குரல் இடப்பக்கம், பெண் குரல் வலப்பக்கம். ஆண் பாடினான். பெண் பாட வேண்டிய இடத்தில் ஒன்றுமே வரவில்லை. மறுபடி ஆண் பாடினான். அண்ணன் சோபாவில் சாய்ந்து தொடையில் தாளம் தட்டினான்.

"நல்லாத்தானேடி பாடுது? இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே?"

அவன் கல்யாணத்தில் அவனே விரும்பிக் கேட்டுப் போடச் சொன்ன பாட்டு அது.