முள் எழும்பாத வண்டி

என் வீட்டுக்காரர் சங்கிலிப்பாண்டியைப் பற்றி இராஜபாளையத்தில் யாரிடம் கேட்டாலும், "அந்த ஹீட்டர் வண்டிக்காரரா?" என்று சிரித்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவார்கள். சிரிக்கட்டும். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? ஆனால் முழுக் கதையையும் கேட்டுவிட்டுச் சிரிக்க வேண்டும். பாதியில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும்.

அவர் பிறந்தது கூமாப்பட்டியில். மீசை அரும்புகிற வயதில் பட்டாளத்துக்குப் போய், லடாக்கில் லாரி ஓட்டினார். டீசலே உறைந்துபோகிற ஊராம் அது. ஹீட்டர் வேலை செய்யாத வண்டியைக் கேட்டைத் தாண்ட விடமாட்டார்களாம். ஹவில்தாராகி ஊர் திரும்பியவர், மூணாறுப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் ஏலம் விட்ட பழைய பிக்கப் வண்டியைப் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார்.

"இதுல ஹீட்டர் இருக்கு, தெரியுமாட்டி?" என்றார்.

நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன். சித்திரையில் ரோட்டுத் தார் செருப்போடு ஒட்டிக்கொண்டு வருகிற ஊர் இது. இங்கே ஹீட்டர் இருக்கிறதென்று பார்த்து வண்டி வாங்கிய மனுஷன் இவர் ஒருவராகத்தான் இருக்கும். அன்றைக்கு வைத்த பெயர்தான் ஹீட்டர் வண்டி.

அந்த வண்டிதான் எங்களுக்குச் சோறு போட்டது. பேண்டேஜ் துணிக் கட்டுகளை ஏற்றி இறக்குவார், கூமாப்பட்டித் தேங்காய் ஏற்றுவார். காலையில் அதைத் துடைக்கிற அழகைப் பார்க்க வேண்டும், ஏதோ ஜெனரல் வந்து பார்வையிடப் போகிற மாதிரி. எங்கள் மகள் யோகேஸ்வரியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது, மூணாற்றில் கட்டிக்கொடுத்தபோது சீர் கொண்டுபோனது, தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்குக் கூட்டிவந்தது எல்லாம் அதில்தான்.

பேத்தி மாசம் நிறையுமுன்னே பிறந்துவிட்டாள். கையகலப் பிள்ளை. மார்கழிப் பனியில் நெஞ்சுச்சளி பிடித்து, எங்கள் உயிரை வாங்கிவிட்டாள். டாக்டரம்மா ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார், பிள்ளை மேல் குளிர் படக் கூடாது. தை பிறந்ததும் அஞ்சாம் மாதம். பிள்ளையை அப்பன் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டிய மாதம். அங்கேயோ காலையில் புல்லெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கிற காலம்.

சம்பந்தியம்மா ஆனந்தவல்லி போனில் பிடித்துக்கொண்டார். "மதினி, தப்பா நெனைக்காதிய. அந்த ஓட்ட வண்டில பிள்ளையக் கொண்டார வேண்டாம். நாங்களே கார் அனுப்புறோம்."

அவர் பயம் அவருக்கு. நான் பதில் சொல்லுமுன் இவர் போனைப் பிடுங்கினார். "எம் பேத்திய எங் கையால கொண்டாந்து விட்டாத்தான் தங்கச்சி மொற. வண்டில ஹீட்டர் இருக்கு. பச்சப்பிள்ளைக்கு வேர்க்கும், பாருங்க!"

"அப்ப சரிண்ணே. ஹீட்டர் ஓடுனா கொண்டாங்க. இல்லைன்னா வெள்ளிக்கிழம கார் வந்துரும்."

இவர் வாக்குக் கொடுத்துவிட்டார். வாங்கிய நாளிலிருந்து அந்த ஹீட்டரை யார் போட்டுப் பார்த்தார்கள்? போட்டார். ஃபேன் 'கொர்' என்று சுற்றியது. காற்றும் வந்தது. ஆனால் சுடவில்லை. ஆறிப்போன டீயில் ஊதின மாதிரி ஒரு காற்று.

வந்ததே வீம்பு! எஞ்சின் சுடுதண்ணி ஹீட்டருக்குப் போய்வருகிற இரண்டு ரப்பர் குழாயையும் தொட்டுப் பார்த்தார். ஒன்று வெதுவெதுப்பு, இன்னொன்று பச்சைத்தண்ணி. உள்ளே அடைப்பு என்று கழற்றி, தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார். செங்காவி நிறத்தில் குழம்பு குழம்பாக வந்தது. வாசலெல்லாம் துரு. "இம்புட்டு அழுக்க வயித்துல வச்சிக்கிட்டா வெளிய பளபளன்னு துடைச்சீங்க?" என்று கேட்டேன். முறைத்தார். மறுபடி மாட்டியதும் இரண்டு குழாயும் ஒரே மாதிரி ஆனது. அதாவது, இரண்டுமே வெதுவெதுப்பு. தண்ணீர் ஓடுகிறது, ஆனால் சூடு வரவில்லை.

அய்யனார் கோயில் ரோட்டில் மலையடிவாரம் வரை ஓட்டிப் பார்த்தார். அதே காற்று. வியாழக்கிழமை காலையில் சாப்பாட்டை அப்படியே தள்ளிவைத்துவிட்டு எழுந்தார். கார் வந்துவிட்டால் இந்த மனுஷன் வாயால் ஒன்றும் சொல்லமாட்டார். உள்ளுக்குள் உடைந்துபோவார்.

கடைசியில் மெக்கானிக் ஆண்டிச்சாமியைக் கூப்பிட்டார். ஆண்டிச்சாமி இவருக்குக் கூட்டாளி, ஆனால் நாக்கில் விளக்கெண்ணெய் தடவாத ஆள். வந்ததும் எஞ்சினுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "அவில்தாரே, வண்டிக்கு வயசாயிருச்சு. எஞ்சின் செத்துப்போச்சு, அதான் சூடு வரல" என்றார்.

இவருக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "எது செத்துப்போச்சு? ஏலே, எஞ்சின் சூட்டக் காட்டுற முள்ளப் பாருடா! அக்கினி நட்சத்திரத்துல லோடு ஏத்திக்கிட்டு மதுர போய் வந்தாலும் அந்த முள்ளு எந்திரிக்காது. இந்த ஊர்ல எவன் வண்டி இப்படிக் குளுகுளுன்னு ஓடுது? எந்திரிக்கவே எந்திரிக்காதுலே, அந்த முள்ளு எந்திரி..."

அப்படியே நின்றுவிட்டார். எனக்குப் பயமாகிவிட்டது.

"என்னங்க?"

"முள்ளு எந்திரிக்கல வெள்ளைத்தாய்" என்றார், ஏதோ சாவுச் செய்தி சொல்கிற குரலில். "எஞ்சினே சூடாகலை. பொறவு ஹீட்டர் எப்படிச் சுடும்?"

ஆண்டிச்சாமி இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "தெர்மோஸ்டாட்டு! வாங்குன வருசம் சித்திரையில வண்டி கொதிச்சிச்சுன்னு நாமதான அதக் கழட்டுனோம்! 'நம்ம ஊருக்கு இது எதுக்குலே'ன்னு நீருதான சொன்னீரு!"

விஷயம் இதுதான். எஞ்சின் போதுமான சூடு ஏறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்து நிற்கிற சின்னக் கதவு அது. அது இல்லாவிட்டால் தண்ணீர் எந்நேரமும் ரேடியேட்டரில் ஆறிக்கொண்டே இருக்கும், எஞ்சின் சூடே ஏறாது. எங்கள் வெயிலுக்குப் பயந்து இந்தப் பக்கத்தில் அதைப் பிடுங்கிப் போடாத டிரைவர் அபூர்வம். முள் படுத்தே கிடந்தால் அதுதான் பெருமை என்று திரிவார்கள். எங்கள் ஆளும் அத்தனை வருஷமும் அந்தப் பெருமையில்தான் திரிந்திருக்கிறார். லடாக் கண்ட மனுஷனை இராஜபாளையத்து வெயில் ஏமாற்றிவிட்டது.

கடை கடையாகக் கேட்டார்கள். அந்தப் பழைய மாடலுக்கு யாரிடமும் இல்லை, மதுரையில் சொல்லிவிட்டால் அடுத்த வாரமாம். அப்புறம்தான் இவருக்கு ஞாபகம் வந்தது. பட்டாளத்து ட்ரங்குப் பெட்டி! கழற்றின ஒரு நட்டைக்கூட எறியாத ஆள். அந்தப் பெட்டியைக் கடையில் போடச் சொல்லி நான் சண்டை போடாத தீபாவளி கிடையாது. அடியில், பேண்டேஜ் துணியில் சுற்றி, கிரீஸ் தடவிப் பத்திரமாக இருந்தது. உள்ளங்கை அகலத்தில் ஒரு பித்தளை வில்லை, நடுவில் ஸ்பிரிங்.

"வேலை செய்யுதான்னு பாக்கணும். உலை வச்சிருக்கியா?" என்று கேட்டார்.

"அரிசி போடுற பானையில கிரீஸா?" என்று கத்திவிட்டு, பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். கம்பியில் கட்டி உள்ளே தொங்கவிட்டார். அடுப்பைச் சுற்றி நாங்கள் எல்லோரும் நின்றோம். யோகேஸ்வரியும் இடுப்பில் பிள்ளையோடு வந்து எட்டிப் பார்த்தாள். தண்ணீரில் ஆவி வந்தது. வில்லை வாயைத் திறக்கவில்லை. அடியில் குமிழி கட்டியது. அப்போதும் இல்லை. இவர் முகம் சுண்டிப்போயிற்று. நான் மடவார்வளாகத்து வைத்தியநாதரை நினைத்துக்கொண்டேன், பிள்ளைத்தாய்ச்சிகளைக் காக்கிற சாமி, வண்டியையும் கொஞ்சம் பார்க்கட்டுமே. தண்ணீர் தளதளக்கப் போகும் நேரத்தில் நடுவிலிருந்த தட்டு மெல்ல விலகி, வாய் திறந்தது.

"தெறந்துருச்சுப்பா!" என்று மகள் கத்தினாள்.

"இதுவும் உங்கள மாதிரிதான். நல்லாச் சூடுபட்டாத்தான் வாயத் தெறக்கும்" என்றேன் நான். ஆண்டிச்சாமி மறுபடி சிரித்தார். இந்த முறை இவரும் சிரித்தார்.

மாட்டி முடித்ததும் சம்பந்திக்கு இவரே போன் போட்டார். "தங்கச்சி, கார் வேண்டாம்."

மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். பின்னால் தொட்டிலும் சீர்ப்பாத்திரமும் தேங்காய் மூட்டையும், முன்னால் நாங்கள் மூன்று பேரும், யோகேஸ்வரி மடியில் பிள்ளையும். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டுவதற்குள் முள் எழுந்துவிட்டது. இவர் ரோட்டைப் பார்த்ததைவிட அதைப் பார்த்ததுதான் அதிகம். "ரோட்டப் பாருங்க!" என்று நான் போடி வரை கத்திக்கொண்டே வந்தேன். போடிமெட்டு ஏறும்போது மூடுபனி கண்ணாடியில் வந்து மோதியது. இவர் ஹீட்டரைத் திருகினார். காலடியிலிருந்து கதகதவென்று சூடு ஏறியது. கண்ணாடி பளிச்சென்று தெளிந்தது. பேத்தி குல்லாயைப் பிய்த்து எறிந்துவிட்டுக் கையைக் காலை ஆட்டினாள். அவள் மூக்கு நுனியில் ஒரு பொட்டு வேர்வை. நான் அதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மூணாற்றில் வீட்டு வாசலில் ஆனந்தவல்லி கம்பளியும் வெந்நீர்ப் பையுமாக நின்றிருந்தார். பற்கள் கிடுகிடுத்தன. எஞ்சினை நிறுத்தாமல் இவர் இறங்கிப்போய் அந்தப் பக்கக் கதவைத் திறந்துவிட்டார். சூடு அந்த அம்மா முகத்தில் அடித்தது.

"யாத்தே! அடுப்படியில்ல இது!" என்றவர், நாங்கள் இறங்கியதும் பிள்ளையை வாங்கினார். வீட்டுக்குள் போவார் என்று பார்த்தால், பிள்ளையோடு வண்டியில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். மருமகன் பாலகணேஷ் வந்து கண்ணாடியைத் தட்டினார். "அம்மா, ஆரத்தி எடுக்கணும், எறங்கு."

"செத்த நேரம் இருலே. கதவத் தெறக்காத, சூடு போயிரும்!"

அரைக்கைச் சட்டையோடு என் வீட்டுக்காரர் அந்தக் குளிரில் வண்டிக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றார். உதடு நடுங்கியது.

"இந்தத் துண்டப் போத்துங்க, வெடவெடங்குது உங்களுக்கு" என்றேன்.

"எனக்கென்ன குளிரு? நான் லடாக்குல இருந்தவன்" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. துண்டை நானே போர்த்திவிட்டேன். வேண்டாமென்று சொல்லவில்லை.