பிரிக்காத பெட்டியில் இருந்த நம்பர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஏழு வருடம் யோசித்துவிட்டேன். இரண்டு தடவை எழுதிக் கிழித்தும் போட்டேன். படிக்கிறவர்கள் சிரிப்பார்கள் என்ற பயம் ஒரு பக்கம், சிரிக்காமல் என்னைக் காறித் துப்புவார்கள் என்ற பயம் இன்னொரு பக்கம்.

நான் எட்டாவது வரை படித்தவன். குளித்து விளக்கு ஏற்றாமல் காபி குடிக்க மாட்டேன், கிருத்திகை தவறியதில்லை. ஆனால் பேய், ஆவி, மாயம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள். சாமி இருக்கிற உலகத்தில் மற்றதற்கெல்லாம் ஏது இடம் என்பது என் கட்சி. நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும், கீழே இருப்பது பட்டப்பகலில், திருப்பூரில் என் வீட்டிலும் என் தம்பி வீட்டிலும் நடந்தது.

தம்பி பெயர் சண்முகம். என்னைவிட நாலு வயது சின்னவன். அப்பா இருந்த வரைக்கும் இருவரும் ஒரே காம்பவுண்டில் பனியன் தைத்துக்கொண்டிருந்தோம். அவர் போனதும் பாகம் பிரித்தோம். நடுவில் ஒரு சுவர் எழும்பியது. மேற்கே நான், கிழக்கே அவன். பத்திரம் எழுதும்போது நான்தான் பிடிவாதமாக ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: ஒருவர் பாகத்திலிருந்து மற்றவர் பாகத்துக்கு ஒயரோ பைப்போ எதுவும் சுவரைத் தாண்டக் கூடாது. பங்காளிகள் ஒரு கரண்ட் ஒயரில் சண்டையை ஆரம்பித்து கோர்ட் வரை போனதை எங்கள் பக்கத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் அது எனக்குப் புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. சண்முகம் படிக்காமலே கையெழுத்துப் போட்டான்.

டெலிபோன் லைன் என் பாகத்தில் நின்றுவிட்டது. கொஞ்ச நாளில் அதில் இன்டர்நெட்டும் வந்தது, கூடவே ஒயர் இல்லாமல் வேலை செய்கிற மோடம் பெட்டியும் கொடுத்தார்கள். சண்முகமும் லைனுக்கு எழுதிப் போட்டிருந்தான், எங்கள் தெருவில் புது லைன் கொடுக்க வழியில்லை என்று தள்ளிக்கொண்டே போனார்கள். அளவு, டிசைன், சாம்பிள் ஓகே எல்லாமே மெயிலில் வர ஆரம்பித்த நேரம். தினமும் அவன் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிரவுசிங் சென்டருக்கு ஓட வேண்டியிருந்தது.

ஒரு நாள் காலையில் கையில் சின்னப் பெட்டியோடு வந்தான். கம்ப்யூட்டரில் யுஎஸ்பியில் சொருகுகிற ஒயர்லெஸ் அடாப்டர், கட்டைவிரல் அளவுதான் இருக்கும். எது புதிதாக வாங்கினாலும் சாமி படத்துக்கு முன்னால் வைத்துச் சந்தனம், குங்குமம் வைக்காமல் பிரிக்க மாட்டோம். அந்தப் பெட்டியின் மூடி ஓரத்திலும் ஈரம் காயாத பொட்டு இருந்தது.

"ஏனுங்கண்ணா, பத்தரத்துல ஒயருதானுங்களே தாண்டக் கூடாது? இதுல ஒயரே இல்லீங்க. பாஸ்வேர்டு மட்டும் சொன்னீங்கன்னா போதும்" என்று சிரித்தான்.

எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை.

"பத்தரத்துக்கே ஓட்டை கண்டுபுடிக்கறியாடா? இன்னைக்கு இது, நாளைக்குச் சொவத்துக்கே ஓட்டை போடுவே. எடுத்துட்டுப் போ."

"செரிங்கண்ணா. நீங்க சொன்னாப் பிரிக்கறேன், இல்லீன்னா இல்லீங்க" என்று போய்விட்டான்.

ஒரு மாதம் ஆகியிருக்கும். என் கம்ப்யூட்டரில் நெட் ஆமை போல் ஊர்ந்தது. செல்வினைக் கூப்பிட்டேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், எங்கள் இரண்டு வீட்டுக் கம்ப்யூட்டரும் அவர் போட்டுக் கொடுத்ததுதான். அவர் மோடத்தின் உள்பக்கத்தைத் திறந்து, யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்கிற பட்டியலைக் காட்டினார். இரண்டு வரி இருந்தது. ஒன்று என் கம்ப்யூட்டர். இன்னொன்றில் மது என்று இங்கிலீஷில் இருந்தது. மது சண்முகத்தின் ஒரே மகள்.

"அண்ணாச்சி, இது ஒங்க தம்பி வீட்டு சிஸ்டம்லா? நாந்தான் அந்தப் பேரு போட்டேன்" என்றார். பெயருக்குப் பக்கத்தில் எழுத்தும் எண்ணும் கலந்து பன்னிரண்டு இருந்தது. ஒவ்வொரு அடாப்டருக்கும் கம்பெனியிலேயே அடித்து வருகிற நம்பர், ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது என்று சொன்னார். அதைக் காலண்டர் தாளில் தன் கையால் எழுதியும் கொடுத்தார். அப்போது மதியம் இரண்டரை மணி.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்போதே பாஸ்வேர்டை மாற்றச் சொன்னேன். "எட்டு எழுத்துக்குக் கொறையப்பிடாது, நீங்களே அடிங்க, நான் பாக்கல" என்று செல்வின் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் ஒற்றை விரலால் இங்கிலீஷ் எழுத்தில் திருடன் என்று அடித்தேன். எண்ணிப் பார்த்தால் சரியாக எட்டு.

மறுநாள் இரண்டரை மணிக்கு, செல்வின் காட்டிக்கொடுத்தபடி பட்டியலைத் திறந்து பார்க்கிறேன், மது என்கிற வரி அங்கேயே இருக்கிறது. அடுத்த நாளும் இருக்கிறது. என் வீட்டுக்குள்ளிருந்துதான் யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும் என்று என் சம்சாரத்தின் மேல் பாய்ந்தேன். அவளுக்குக் கம்ப்யூட்டரை நிறுத்தக்கூடத் தெரியாது.

"காத்துல போறதக்கூடப் பூட்டி வெக்கற மனுசன்னு உங்களத்தானுங்க பாக்கறேன்" என்றாள். அன்றைக்கு அவளோடும் பேச்சு நின்றது.

சேவூர்ப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில் வருடப் பொங்கல் வந்தது. பங்காளிகள் எல்லாரும் கூடியிருந்த இடத்தில், பந்திக்கு முன்னால், தம்பியைத் திருடன் என்று சொன்னேன். செல்வின் எழுதின காலண்டர் தாளையும் எடுத்துக் காட்டினேன். அது என்ன நம்பர் என்று ஒருவருக்கும் புரியவில்லை, ஆனால் தாளைப் பார்த்ததும் எல்லாரும் நம்பிவிட்டார்கள்.

"நான் அந்தப் பொட்டியப் பிரிக்கவே இல்லீங்கண்ணா" என்றான். யாரும் கேட்கவில்லை. அவனே போய்ச் சாமி முன்னால் கற்பூரம் ஏற்றி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தான். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் பேச்சே கிடையாது. யாராக இருந்தாலும் ஏற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும். நான் ஏற்றுக்கொள்ளவில்லை.

"கை சுட்டாலும் வாய் பொய் சொல்லும்டா. சாமி பாத்துக்கும்" என்றேன். அவன் சாப்பிடாமலே பெண்டாட்டி, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனான்.

பத்தொன்பதாம் நாள், கட்டிங் டேபிள் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. நாற்பத்தொரு வயது.

இழவு வீட்டில் ஒருவர் என் காதில், பொய்ச் சத்தியம் சும்மா விடுமா என்றார். நான் மறுத்திருக்கலாம், சும்மாவாவது இருந்திருக்கலாம். "சாமி கேட்டுருச்சுங்க" என்றேன். என் வாயால்தான் சொன்னேன். அந்த வார்த்தை பாடை கிளம்புவதற்கு முன்னால் தெரு முனை வரைக்கும் போய்விட்டது. போதாததற்கு அன்று முதல் பட்டியலில் மது என்கிற வரியும் வரவில்லை. எனக்கு அதுவே சாட்சி ஆகிவிட்டது.

ஒரு வருடம் போனது. தம்பி சம்சாரம் மல்லிகா ஆறு மெஷினை வைத்துக்கொண்டு தானே யூனிட்டை நடத்தினாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. மது கல்லூரியில் சேர்ந்திருந்தாள். பொய்ச் சத்தியம் செய்தவன் மகள் என்று அவள் காதுபடவே உறவுக்காரப் பெண் ஒருத்தி சொன்னாளாம். எனக்கு வலித்தது, ஆனால் என் மேல் தப்பு இருக்கிறது என்று அப்போதும் தோன்றவில்லை.

வருட திதி முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினொரு மணி வெயிலில் செல்வின் வாசலில் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணாச்சி, நான் எழுதித் தந்த தாளு இருக்கா? அத எடுத்துட்டு ஒங்க தம்பி வீட்டுக்கு வாங்க. ஒண்ணும் கேக்காதிய, வாங்க."

தாள் என் பீரோவில் பத்திரத்தோடு இருந்தது. சுவர் நடுவில் இருப்பதால் தெருவைச் சுற்றித்தான் போக வேண்டும். பாகம் பிரித்த பிறகு, அவன் செத்த அன்றைக்குத் தவிர, அந்த வாசல்படி நான் மிதித்ததில்லை.

மல்லிகா "வாங்க மாமா" என்றாள், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் மேஜை மேல் அந்தச் சின்னப் பெட்டி இருந்தது. சண்முகத்தின் துணி பீரோவில், வேட்டிக்கு அடியில் இருந்ததாம். நெட் போடலாம் என்று மதுதான் எடுத்துச் செல்வினிடம் கொடுத்திருக்கிறாள்.

"நான் இன்னும் பிரிக்கல அண்ணாச்சி. நல்லாப் பாத்துக்கிடுங்க" என்றார் செல்வின்.

பார்த்தேன். கம்பெனி ஒட்டின சீல் அப்படியே இருந்தது. அதன் மேல், பாதி மூடியிலும் பாதி பெட்டியிலுமாக, சண்முகம் வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து கல் மாதிரி இருந்தது. மூடியை ஒரு நூல் தூக்கியிருந்தாலும் அது உடைந்திருக்கும். ஒரு கீறல்கூட இல்லை.

பெட்டியின் அடியில் ஸ்டிக்கரில் நம்பர் அச்சாகியிருந்தது. செல்வின் ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க, நான் காலண்டர் தாளில் விரலை வைத்துக்கொண்டே வந்தேன். பன்னிரண்டும் ஒன்று. அவர் திரும்பப் படித்தார். திரும்பவும் ஒன்று.

"பிரிக்காத சாமான் எப்படி அண்ணாச்சி ஒங்க மோடத்துல ஏறும்? நான் பதினஞ்சு வருசமா இந்த வேலதான் பாக்கேன். எனக்கு வெளங்கல" என்றார்.

மல்லிகா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "மத்தியானம் ரெண்டு மணியிலிருந்து மூணு வரைக்கும் அவரு பிரவுசிங் சென்டர்ல இருப்பாருங்க மாமா. ஊட்டுல கம்ப்யூட்டர் நிறுத்தித்தான் கெடக்கும்."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

மது அழவில்லை. தானே சீலைக் கிழித்தாள், பொட்டு இரண்டாக உடைந்தது. முதலில் சிடியைப் போட்டு சாஃப்ட்வேர் ஏற்ற வேண்டும், பிறகுதான் அடாப்டரைச் சொருக வேண்டும் என்று செல்வின் சொல்லச் சொல்ல அப்படியே செய்தாள். பச்சை விளக்கு மினுக்கியது. பட்டியலில் என் வீட்டு மோடத்தின் பெயர் வந்தது. அதை அழுத்தினாள். பாஸ்வேர்டு கேட்டது.

"சொல்லுங்க பெரியப்பா" என்றாள்.

நானே அடிக்கிறேன் என்று எழுந்து போனேன். திரையில் புள்ளி புள்ளியாகத்தான் விழும், யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். ஆனால் எனக்கு ஒற்றை விரல்தானே. அந்தப் பிள்ளை திரையைப் பார்க்கவில்லை, என் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு எழுத்தும் அடித்து முடித்தேன். சரிபார்க்க அதையே இன்னொரு தடவை அடிக்கச் சொல்லிக் கீழே இன்னொரு கட்டம் இருந்தது. தம்பி வீட்டில், மாலை போட்ட அவன் படத்துக்கு முன்னால், அந்த வார்த்தையை இரண்டு தடவை அடித்தேன்.

மது தள்ளி உட்கார்ந்துகொண்டாள். நெட் உடனே வந்துவிட்டது.

நான் வீட்டுக்கு வந்து பாஸ்வேர்டை மாற்ற மோடத்தைத் திறந்தேன். பட்டியலில் என் கம்ப்யூட்டர் மட்டும் இருந்தது. செல்வினைக் கூப்பிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் மது மெயில் திறந்து படித்துக்கொண்டிருக்கிறாள், இந்தப் பக்கம் அவள் பெயர் இல்லை. மோடத்தை நிறுத்திப் போட்டோம். புதுப் பாஸ்வேர்டு போட்டு அவரே போய் அங்கே அடித்துவிட்டு வந்தார். அங்கே நெட் ஓடுகிறது, இங்கே வரி இல்லை. அதற்குப் பிறகு அவர்கள் மூன்று வருடம் அந்த அடாப்டரில் நெட் பார்த்தார்கள். தினமும் விளக்கு ஏற்றியதும் பட்டியலைத் திறந்து பார்ப்பேன். ஒரு நாள்கூட அந்த வரியை எனக்குக் காட்டவில்லை. பிரிக்காத நாளில் தினம் காட்டியது. ஏன் காட்டியது, யார் காட்டியது? சாமிதான் என்னைச் சோதித்தது என்று சொல்ல வாய் வருகிறது, அப்படியென்றால் சண்முகத்தை எதற்கு எடுத்துக்கொண்டது? தினமும் கும்பிடுகிறேன், பதில் வந்தபாடில்லை.

அடுத்த பொங்கலில் அதே கோயிலில் பங்காளிகள் முன்னால் நின்று, தம்பி சத்தியம் உண்மை, நான்தான் தப்பு என்று சொன்னேன். பெட்டியையும் தாளையும் காட்டினேன். "உடுங்க, செத்தவனப் பத்தி இப்ப எதுக்கு" என்று இலை போடப் போனார்கள். முன்பு ஒரு தாளைக் காட்டினதும் நம்பினவர்கள், இப்போது இரண்டைக் காட்டியும் திரும்பிப் பார்க்கவில்லை. இன்றைக்கும் கல்யாண வீடுகளில் பொய்ச் சத்தியத்துக்கு உதாரணம் சொல்ல என் தம்பி பெயரைத்தான் எடுக்கிறார்கள்.

மதுவுக்குப் போன வருடம் கல்யாணம் ஆனது. அழைத்தார்கள், போனேன். மறுவீட்டு விருந்துப் பந்தியில் அவளே வந்து பரிமாறினாள். பெரியப்பா என்று மட்டும் கூப்பிடவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் உங்களுக்குத் தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கள். பேய்க் கதை என்று சொன்னாலும் சரி, கிழவன் உளறல் என்று சொன்னாலும் சரி. சுவைக்காக எதையும் கூட்டிவிடாதீர்கள், பாவம் என்று என்னை நல்லவனாகவும் ஆக்கிவிடாதீர்கள். வேறு எது மறந்தாலும் ஒன்றை மட்டும் நான் எழுதியபடியே சொல்லுங்கள்: சண்முகம் அந்தப் பெட்டியைப் பிரிக்கவே இல்லை.