பிணைக்கு ஒரு ஆள்

நான் ஆங்கிலம் படிப்பித்த காலம் முழுவதும் ஒன்பதாம் வகுப்புக்கு ஒரே கதையைத்தான் எடுத்துக்கொண்டு போனேன். மிகப் பழைய லண்டன் கதை. தாய் தகப்பன் இல்லாத ஒரு பையன், வளர்க்கிறோம் என்று சொல்லி அவனைப் பட்டினி போடுகிற ஒரு விடுதி, பிறகு அவனைப் பிடித்துவைத்துக் களவு பழக்குகிற ஒரு கூட்டம். பாடத்திட்டத்தில் அது இல்லை. உரும்பிராய்ப் பக்கத்தில் இருந்த எங்கள் பள்ளிக்கூட நூலகத்தில் அதன் சுருக்கப் பதிப்பு பதினெட்டுப் பிரதி கிடந்தது. யாரோ ஒரு பழைய மாணவர் வெளிநாட்டிலிருந்து அனுப்பியது. வேறு எந்த ஆங்கிலப் புத்தகமும் இரண்டு பிரதிக்கு மேல் இல்லை. இலக்கிய ரசனை என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்ததற்குக் காரணம் இவ்வளவுதான்.

ஆனால் நன்றாகப் படிப்பித்தேன். அதில் எனக்குத் தன்னடக்கம் கிடையாது. செய்யாத களவுக்காக அந்தப் பையன் நீதவான் முன்னால் நிற்கிற இடம் ஒன்று வரும். அவனுக்காகப் பேச ஒரு சீவன் இல்லை. கடைசியில், களவு கொடுத்த கிழவரே மனம் இரங்கி அவனைக் குதிரை வண்டியில் ஏற்றித் தன் வீட்டுக்குக் கொண்டுபோவார். ஒவ்வொரு வருடமும் அந்த இடத்தில் என் குரல் கம்மும். நடிப்பில்லை, உண்மையாகவே கம்மும். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் இடித்துச் சிரிப்பார்கள். நான் புத்தகத்தால் மேசையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மேலே வாசிப்பேன்.

நான் சொல்ல வந்த பொடியன் அந்த வகுப்புக்கு வந்தது பள்ளிக்கூடத்துக்குப் பின்வீதியில் இருந்த சிறுவர் இல்லத்திலிருந்து. பெற்றோரை யுத்தத்தின் கடைசி வருடங்களில் இழந்தவன். கைக்குழந்தையாக இருந்தவனைத் தூக்கிக்கொண்டு வந்தது ஐந்து வயது அக்கா. அக்காவைப் பெண்பிள்ளைகள் இல்லத்திலும் அவனை இங்கேயும் பிரித்து விட்டிருந்தார்கள். மெலிந்த பையன், ஆனால் வாய் கொழுப்பு. ஆங்கிலம் அவனுக்கு எப்படி அவ்வளவு லேசாக வந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பையன் இன்னும் கொஞ்சம் கஞ்சி கேட்கிற அந்தப் பேர்போன இடத்தை வாசித்த அன்று, வகுப்பே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்க, இவன் மட்டும் எழும்பி நின்றான்.

"ரீச்சர், எங்களுக்குச் சோறு கூடத்தான். கேட்டாலும் தருவினம், கேக்காட்டியும் தருவினம். வீடியோ எடுத்து முடியுமட்டும் தொடக்கூடாது, அவ்வளவுதான்."

வகுப்பு சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அந்த வீடியோ எடுப்பிக்கிற ஆட்களில் நானும் ஒருத்தி. எங்கள் பக்கத்து வழக்கம் அது. பிள்ளையின் பிறந்தநாளோ பெற்றோரின் திவசமோ வந்தால் இல்லத்துப் பிள்ளைகளுக்கு ஒரு நேரச் சாப்பாடு கொடுப்பது. வெளிநாட்டிலிருப்பவர்கள் சொல்லிச் செய்விப்பார்கள், உள்ளூரில் இருப்பவர்கள் நேரில் போய்ப் பரிமாறுவார்கள். பிள்ளைகள் வரிசையாக இருந்து தேவாரம் பாடும். ஒருவர் எழும்பி நன்றி சொல்வார். முன்பின் தெரியாத ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள் பாட்டுப் பாடி, யாரோ ஒருவருடைய இறந்த தாய்க்கு ஒரு நிமிடம் கண்ணை மூடி, எல்லாம் படமாகி ரொறன்ரோவுக்குப் போகும். சோறு அதுவரை ஆறிக்கொண்டிருக்கும். ஊரில் செத்தவர்களின் நாட்கள் அந்தப் பொடியன்களுக்குத்தான் சரியாகத் தெரியும். என் அப்பாவின் திவசம் எப்போது என்று ஒரு முறை நானே மறந்து அவனிடம் கேட்டேன். தயங்காமல் சொன்னான். கத்தரிக்காய்க் குழம்பு அன்றைக்கு நன்றாக இருந்தது என்றும் சேர்த்துச் சொன்னான்.

கதை முடிகிற அன்று மறுபடியும் எழும்பினான். அந்த அநாதை கடைசியில் நல்ல குடும்பத்துப் பிள்ளை என்று தெரியவரும், அது அவனுக்குப் பிடிக்கவில்லை.

"அவன் சொந்தக்காரப் பிள்ளையாப் போனபடியால் பாத்தினம். இல்லாட்டி என்ன செய்திருப்பினம் ரீச்சர்?"

"மண்டு, வடிவா வாசி," என்றேன். "அந்த மனுசன் கோட்டிலையிருந்து கூட்டிக்கொண்டு போகேக்கை இவன் ஆரெண்டு அவருக்குத் தெரியாது. ஒண்டும் தெரியாமல்தான் கூட்டிக்கொண்டு போனவர்."

அவன் கொஞ்சம் யோசித்தான். "அப்பிடி ஆக்கள் இருக்கினமோ?"

"இருக்கினம்," என்றேன். ஒரு ஆசிரியை வேறு என்ன சொல்வாள்.

பதினெட்டு வயதானால் இல்லத்தில் இருக்க முடியாது. சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்துக்கு ஏ எடுத்தவன், உயர்தரப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுச் சுன்னாகத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் கராஜில் சேர்ந்தான். அக்கா சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் நின்றாள். இரண்டு பேருமாக ஒரு அறை எடுத்திருந்தார்கள். அவனுக்கு நினைவு தெரிந்த பிறகு முதல்முறையாக அக்காவும் தம்பியும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தது அந்த ஒரு வருடம்தான் என்று பிறகு அவள் சொன்னாள்.

திருத்தக் கொடுத்த ஒரு மோட்டார் சைக்கிளை ஓடிப் பார்க்க எடுத்துக்கொண்டு போன இடத்தில் அவனைப் பொலிஸ் பிடித்தது. அதற்கு முந்தின கிழமை கோயிலுக்குப் போய்வந்த ஒரு பெண்ணின் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனவர்கள் வந்த மோட்டார் சைக்கிள் அது. அதைத் திருத்தக் கொடுத்துவிட்டுப் போனவன் திரும்பி வரவில்லை. கராஜ் முதலாளி தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். பொடியன், வழக்கு முடியுமட்டும் உள்ளே வைக்கிற விளக்கமறியலுக்குப் போனான். வழக்கின் இரண்டாம் தவணையில் நீதவான் இரண்டு ஆட்பிணையில் விடச் சொன்னார். ஒரு ஆள் அக்கா. இன்னொரு ஆள் வேண்டும். சொந்த முகவரியும் கிராம அலுவலரான விதானையார் கொடுக்கிற வதிவிட அத்தாட்சியும் உள்ள, ஊரில் மதிப்பான ஒரு ஆள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். இல்லத்தில் கேட்டிருக்கிறாள், வெளியேறின பிள்ளைகளுக்குப் பிணை நிற்க விதி இடம் தராதாம். கராஜ் முதலாளி கடைக்குள்ளேயே விடவில்லையாம். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, கொடுத்த தேத்தண்ணியைத் தொடாமல் சொன்னாள்.

"காசு ஒண்டும் கட்டத் தேவையில்லை ரீச்சர். கையெழுத்து மட்டும்தான். தம்பிதான் உங்களைக் கேக்கச் சொன்னவன். ரீச்சர் வருவா எண்டவன்."

அப்போது என் மகளுக்கு எட்டாம் மாதம். கனடாவுக்குப் பிள்ளைப்பேறு பார்க்கப் போக நான் விசாவுக்குப் போட்டிருந்தேன். எங்கள் ஊரில் விசா என்றால் மனிதர்கள் மூச்சு விடவும் யோசிப்பார்கள். வழக்கு ஒன்றில் பேர் அடிபட்டால் பொலிஸ் ரிப்போர்ட் பழுதாகும், பிணை நின்றாலும் பதிவு விழும், ஒரு முறை விழுந்தால் பிறகு எந்த நாட்டுக்கும் போக ஏலாது. இதையெல்லாம் எனக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டால் ஒருவரைக் காட்ட முடியாது. எல்லாரும் சொன்னார்கள். நானும் நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

என் கணவரைக் குற்றம் சொல்ல எனக்கு விருப்பம்தான், ஆனால் அவர் மறிக்கவில்லை. "கையெழுத்து வைக்கிறதெண்டா வையும். அவன் தவணைக்கு வராட்டி உம்மைத்தான் தேடுவாங்கள். விசாவையும் யோசியும்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்தார். முடிவு முழுக்க என்னுடையது.

நான் அவளுக்கு மாட்டேன் என்று சொல்லவில்லை. அதைச் சொல்வதற்கும் ஒரு நேர்மை வேண்டும். "விசா அலுவல் ஒண்டு கிடக்குப் பிள்ளை, பதிவு விழுந்தால் அது பழுதாப் போம். அது முடியட்டும், ஒரு கிழமையாலை சொல்லுறன்," என்றேன். அவள் தலையை ஆட்டினாள். எழும்பிப் போகும்போது, குடிக்காத கோப்பையைத் தானே குசினிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டுப் போனாள். அந்தக் கிழமையும் போனது, அடுத்ததும் போனது. அவளுடைய இலக்கம் கைபேசியில் வந்தால் பதில் கொடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பேன். நாலைந்து தரம் அழைப்பு எடுத்தாள். பிறகு எடுக்கவில்லை.

அந்த மாதமே அப்பாவின் திவசம் வந்தது. நான் வழக்கம்போல இல்லத்துக்குச் சாப்பாடு கொடுத்தேன். கேட்கவே அருவருப்பாக இருக்கிறதல்லவா, எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு இருக்கவில்லை. சின்னப் பொடியன்களுக்குப் பாயாசம் வார்த்துக்கொண்டு நிற்கையில், நல்ல காரியம் ஒன்று செய்கிறேன் என்றுதான் மனதுக்குப் பட்டது. வீடியோவில் என் முகம் மிகவும் சாந்தமாக இருக்கிறது.

விசா வந்தது. ஒருவரும் என்னிடம் பொலிஸ் ரிப்போர்ட் கேட்கவில்லை. பேரனைக் குளிப்பாட்டி, மகளுக்குப் பத்தியச் சரக்குக் கறி காய்ச்சிக் கொடுத்து, ஆறு மாதம் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு நாள் சமையலுக்கு மரக்கறி வெட்டிக்கொண்டு நிற்கும்போது மகளுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். அவள் கையில் இருந்த கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, ஒருத்தருக்குப் பிணை நிண்டால் அது உங்கடை குற்றமே? உதை ஆர் உங்களுக்குச் சொன்னது?"

நான் வெட்டின மரக்கறியை வாரிச் சட்டிக்குள் போட்டேன். என் பிள்ளை என்னை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

திரும்பி வந்து ஒரு கிழமையில் சுன்னாகத்து மருந்துக் கடைக்குப் போனேன். பிரஷர் குளிசை வாங்கத்தான் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அக்கா நின்றாள். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பவில்லை, வைத்தியர் எழுதின துண்டை வாங்கி மருந்தை எண்ணிக் கட்டினாள். தம்பி எப்படி என்று கேட்டேன்.

நாலு மாதம் உள்ளே இருந்திருக்கிறான். உள்ளே வாள்வெட்டுக் கூட்டம் ஒன்றின் ஆட்களும் இருந்திருக்கிறார்கள். சாப்பாட்டைப் பங்கிட்டுக் கொடுத்து, அடிக்க வந்தவர்களை விலக்கி, அவனைத் தங்கள் பக்கத்தில் படுக்கவைத்திருக்கிறார்கள். வெளியே இருந்த அவர்களுடைய பெரிய ஆள் ஒருவன் பிணைக்கு வந்தான். அவனுக்குச் சொந்த வீடு, காணி, விதானையாரின் அத்தாட்சி, எல்லாம் இருந்தன. தவணைக்கு முதல் நாளே அத்தாட்சியோடு வந்து, அக்காவையும் தன் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் கையெழுத்து வைத்தானாம். ஒரு மறுப்பும் சொல்லவில்லையாம்.

"நீ மறிக்கேல்லையே பிள்ளை?" என்றேன். என் வாய்க்கு அந்தக் கேள்வி எப்படி வந்ததோ.

"ஆர் கையெழுத்து வைச்சதோ அவையோடைதானே ரீச்சர் அவன் இருக்கலாம்," என்றாள். மருந்துப் பையை நீட்டிக்கொண்டேதான் சொன்னாள். பின்னால் இன்னொருவர் துண்டோடு நின்றார், நான் விலகி இடம் விட்டேன்.

நான் கனடாவில் இருந்தபோதே எல்லாம் முடிந்திருந்தது. உடுப்பிட்டியில் ஒரு வீட்டுக்குள் புகுந்து வெட்டினார்கள். ஒரு மனுசனுக்கு மணிக்கட்டோடு கை போய்விட்டது. பிடிபட்டவர்களில் இவனும் ஒருவன். இவன் மோட்டார் சைக்கிள் ஓடினவன் மட்டும் என்று அக்கா சொன்னாள், ஆனால் இவனுடைய கையிலும் வாள் இருந்ததைக் கண்ட சாட்சி உண்டு என்றும் அவளேதான் சொன்னாள். சங்கிலி வழக்கில் அவனில் குற்றமில்லை என்று தள்ளிவிட்டார்கள். அதற்கு இப்போது ஒரு பெறுமதியும் இல்லை. நான் ஒரு சட்டத்தரணியிடம் போய் என் வீட்டு உறுதிப் பத்திரம், அத்தாட்சி எல்லாவற்றையும் மேசையில் பரப்பினேன். அவர் ஒன்றையும் தொட்டுப் பார்க்கவில்லை. இந்த வழக்குக்குக் கிட்டடியில் பிணை கிடையாது, தண்டனை வந்தால் பத்து வருடத்துக்குக் குறையாது என்றார்.

கை போன மனுசன் வெங்காயத் தோட்டக்காரன் என்று கேள்விப்பட்டேன். அவனுடைய வீட்டுக்குப் போக எனக்குத் துணிவு வரவில்லை. இன்றுவரை போகவில்லை.

அவனைப் பார்க்க மறியல்சாலைக்குப் போனேன். வாசலில் வரிசையில் நின்று, அடையாள அட்டையைக் கொடுத்து, கொப்பியில் பேர் பதிந்து, கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நின்றேன். அங்காலே இருந்து அவன் வந்தான். உடம்பு வைத்திருந்தது, நெற்றியில் ஒரு புதுத் தழும்பு. திட்டுவான், அல்லது பாராதமாதிரி நிற்பான் என்று நினைத்துப் போனேன். வழியெல்லாம் அதற்குப் பதில் பாடமாக்கிக்கொண்டு போயிருந்தேன். என்னைக் கண்டவுடன் அவன் முகம் வெளிறிப் போனது. இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு வலைக்குக் கிட்ட வந்தான்.

"ரீச்சர், நீங்கள் ஏன் இஞ்சை வந்தனீங்கள்? வாசல்லை பேர் எழுதினவங்களோ? உங்கடை விசாவுக்குப் பதிவு விழப்போகுது. கெதியாப் போங்கோ."

குத்திக் கதைக்கிறானோ என்று அவனுடைய கண்ணைப் பார்த்தேன். இல்லை. அவன் எனக்காகப் பயந்துபோய் நின்றான்.