ஆளுக்கொரு பாதி

மாமனாரின் அச்சகத்தில் கம்ப்யூட்டர் என்றால் பெரிய மருமகள்தான். விசிட்டிங் கார்டோ, பில் புத்தகமோ, அவள் விரல் படாமல் எதுவும் மெஷினுக்குப் போனதில்லை. எல்லாம் சின்னவள் இளைய மருமகளாக வந்து பக்கத்து மேஜையில் உட்காரும்வரைதான்.

வந்த வாரமே மாமனார், "எதுக்கும் சின்னவளைக் கேளு" என்று சொல்லப் பழகிவிட்டார். அதைக் கேட்கும் போதெல்லாம் பெரியவளுக்கு அடிவயிற்றில் கொள்ளி வைத்தது போலிருக்கும்.

கம்ப்யூட்டர் திடீரென்று படுத்துவிட்டால் வேலை நிற்கக் கூடாதென்று மாமனார் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கினார். சின்னவள் அதை இரண்டு பார்ட்டிஷனாகப் பிரித்தாள். ஆளுக்கொரு பாதி. தன் பாதியில் தன் கம்ப்யூட்டரை அப்படியே நகலெடுத்து, அந்த நகலிலிருந்தே கம்ப்யூட்டரை பூட் செய்து எழுப்பியும் காட்டினாள். உள்ளே இருக்கும் டிஸ்க் செத்தாலும் இனி கம்ப்யூட்டர் எழுந்து உட்காரும்! பேரப்பிள்ளை முதலடி வைத்ததைப் பார்த்தவர் மாதிரி மாமனார் கைதட்டினார்.

"அக்கா, உங்களோடதையும் நானே போட்டுத் தரட்டுமா?"

"ஏன், எனக்கென்ன கையில்லையா?"

பெரியவள் தன் ஃபோல்டர்களை எல்லாம் இழுத்துத் தன் பாதியில் போட்டாள். "முடிஞ்சுது மாமா."

"அப்போ சாயங்காலம் நீயும் ஓட்டிக் காட்டும்மா."

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் தனியாக ஓட்டிப் பார்த்தாள். திரை கறுப்பாகவே நின்றது. சாமானை எல்லாம் வண்டியில் ஏற்றியவள் என்ஜினை விட்டுவிட்டாள்! ஃபைல்கள் வந்திருந்தன; கம்ப்யூட்டரை எழுப்பும் சிஸ்டம் வரவில்லை. சாயங்காலம் மாமனார் முன்னால் இந்தக் கறுப்புத் திரையோடு நிற்க வேண்டுமா? இத்தனை வருஷம் கட்டிக் காத்த இடம் போய்விடுமே!

எனக்கு ஓடாதது அவளுக்கு மட்டும் ஏன் ஓட வேண்டும்?

தன் கம்ப்யூட்டரைப் பழையபடி உள் டிஸ்க்கிலிருந்தே திறந்தாள். சின்னவளின் பாதியை அழித்துவிட வேண்டியதுதான். கண்ணில் நீர் முட்டியது. திரையில் வந்த பட்டியலில் அவள் பாதியைத் தொடுவதற்குப் பதில், அதற்கு மேலிருந்த முழு டிஸ்க்கைத் தொட்டு அழுத்திவிட்டாள். இரண்டு பாதியும் ஒன்றாக மறைந்தன.

பின்னால் சாப்பாட்டு டப்பா கழுவிய ஈரக் கையோடு சின்னவள் நின்றிருந்தாள்.

"என்னோடதைத்தானே அழிக்கப் பாத்தீங்க?" அவள் முகம் சிவந்திருந்தது. "ஏன்க்கா?"

"உன்னைப் பாத்தாலே எரியுது. போதுமா?" பெரியவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

சின்னவள் சற்று நேரம் முறைத்தாள். பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். "அழிக்கிறதையாவது ஒழுங்கா அழிச்சிருக்கக் கூடாதா? சரி, போனது நகல்தானே. அசல் ரெண்டும் குத்துக்கல் மாதிரி இருக்கு. கண்ணைத் தொடைங்க. மறுபடி பிரிக்கலாம். உங்களுக்கு எவ்வளவு வேணும்?"

"முக்கால்."

"ஆசையைப் பாரு! பாதிதான்."

சின்னவள் சொல்லச் சொல்லப் பெரியவளே செய்தாள். சாயங்காலம் மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெளி டிஸ்க்கிலிருந்து பெரியவளின் கம்ப்யூட்டர் பளிச்சென்று எழுந்தது.

"பலே! சின்னவ சொல்லிக் குடுத்தாளா?"

"இல்ல மாமா," என்றாள் சின்னவள் சட்டென்று. "அக்காவே செஞ்சாங்க."

பெரியவளுக்குச் சுருக்கென்றது. கெட்டிக்காரி என்ற பேர் போதாதென்று, பெருந்தன்மையிலும் இவளே முதலிடமா? விடுவேனா?

"பொய் சொல்றா மாமா! அவதான் சொல்லிக் குடுத்தா. அதுக்கு முன்னாடி அவளோடதை நான் அழிச்சேன், அதையும் கேட்டுக்கோங்க!"

சொல்லிவிட்டு, ஜெயித்தவள் போலச் சின்னவளைத் திரும்பிப் பார்த்தாள்.