துணைக்குப் படுத்த எலிகள்

மாவனல்லைக்கு மேலே, மூடிப்போன றப்பர்த் தோட்டம் ஒன்றின் பழைய ஸ்டோரில் ஓர் ஆராய்ச்சிக்கூடம் வந்தது. ஊரார் அதற்கு வைத்த பெயர் எலிப் பங்களா. கூண்டு கழுவ, மரத்தூள் மாற்ற, தீனி வைக்க ஆள் தேடினார்கள். மூத்திர நாற்றத்துக்குப் பயந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஐயாவு மட்டும் போனார். பால் வெட்டி, றப்பர் ஒட்டுப்பாலின் வீச்சத்தோடு பாதி ஆயுளைக் கழித்த மனிதருக்கு அதெல்லாம் ஒரு நாற்றமா!

அவர் போனதற்குக் காரணம் வேறு. பெண்சாதி சின்னம்மா செத்துப்போயிருந்தாள். மகள் சசி ஓப்பநாயக்கவில் வாழ்க்கைப்பட்டு, தீபாவளிக்கு மட்டும் வந்து முகம் காட்டிப் போவாள். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு காம்பராவில் ஆள் தனித்துப்போனால், பக்கத்துக் காம்பராவிலிருந்து யாராவது பாயைச் சுருட்டிக்கொண்டு துணைக்குப் படுக்க வருவார்கள். ஐயாவுவுக்குச் செல்லையா வந்தார். அவருக்கும் பெண்டு பிள்ளைகள் இருக்கிறார்களே, எத்தனை நாளைக்குத்தான் வருவார்? ஒரு நாள் வரவில்லை, பிறகு வரவே இல்லை. அந்தக் காம்பராவில் ஒற்றையாய்க் கிடக்க முடியாமல்தான் ஐயாவு எலிப் பங்களாவில் கொடுத்த அறைக்குக் குடிவந்தார். ஒரு பக்கம் கூண்டறை, மறுபக்கம் றப்பர்க் காடு. தனிமைக்குத் தப்பி வந்து அதன் மடியிலேயே விழுந்தார், பாவம்.

இரண்டாயிரத்து ஏழில் நூரியா அங்கே வந்தாள். மாவனல்லைத் துணிக்கடைக்காரர் ஒருவரின் மகள். கூடத்தை நடத்திய பெரிய டொக்டருக்குக் கீழே ஆராய்ச்சி செய்தாள். இரத்தத்தில் கொழுப்பைக் குறைக்கக் கொடுக்கும் குளிசை மனச்சோர்வுக்கும் கேட்குமா என்று எலிகளை வைத்துப் பார்க்க வேண்டும். அதற்காக ஒவ்வோர் எலியையும் வாரக்கணக்கில் தனிக் கூண்டில் போடுவார்கள். தனிமையில் அவை சோர்ந்துபோக வேண்டும். பாதி எலிகளுக்குத் தீனியில் குளிசைத் தூள், மீதிக்கு வெறும் தீனி. கடைசியில் தண்ணீர் நிரப்பிய உயரமான கண்ணாடிச் சாடிக்குள் விடுவார்கள். மனம் தளராதது நெடுநேரம் காலடித்து நீந்தும். தளர்ந்தது சீக்கிரமே நீந்துவதை விட்டுவிட்டு, மூக்கை மட்டும் வெளியே நீட்டியபடி மிதக்கும். மூழ்க விடமாட்டார்கள். எடுத்துத் துவாயால் துடைப்பது ஐயாவுவின் வேலை.

எலிகளை ஒன்றோடொன்று சேர்க்கவே கூடாது என்று நூரியா படித்துப் படித்துச் சொன்னாள். ஐயாவு தலையாட்டினார். நன்றாகத்தான் ஆட்டினார் போங்கள்! எல்லாரும் வேலை முடிந்து இறங்கிய பிறகு, பொழுது சாயும் நேரம், ஒரு கூண்டு எலியைத் தூக்கி அடுத்த கூண்டில் விடுவார். விடிந்ததும் பிரித்துவிடுவார். குளிசை தின்பதைக் குளிசை தின்பதோடும், தின்னாததைத் தின்னாததோடும்தான் சேர்ப்பார். அந்த மட்டுக்குக் கவனம்.

சாடியில் விட்டபோது எல்லா எலிகளும் ஒன்றுபோலவே நெடுநேரம் நீந்தின. பெரிய டொக்டர் பார்த்துவிட்டு, குளிசையில் ஒன்றுமில்லை, இதோடு மூடிவிடலாம் என்றார். நூரியா பின்பக்கம் தண்ணீர் டாங்கியருகே நின்று அழுதாள். ஐயாவு அதைப் பார்த்தார். சொன்னால் வேலை போகும், அறையும் போகும், திரும்ப அந்தக் காம்பராதான். சொல்லாவிட்டால் இந்தப் பிள்ளை பட்ட பாடெல்லாம் மண்ணாய்ப் போகும். இரண்டு தரம் திரும்பி நடந்தவர், மூன்றாம் தரம் அவளருகே போய் நின்றார்.

"குளிசை மேல பழி போடாதீங்க மிஸ். நாந்தான் அந்தியில அதுகள ஜோடி சேத்து விட்டேன். தனியாக் கெடக்குதேன்னு துணைக்கு விட்டேன்."

நூரியா சத்தம் போடவில்லை. சோர்வே வராத எலிக்கு மருந்து எதைக் குணப்படுத்தும் என்று மட்டும் கேட்டாள். சத்தமெல்லாம் பெரிய டொக்டர் போட்டார், சிங்களத்திலும் இங்கிலீசிலும் மாறி மாறி. ஆனால் அந்த நாற்றத்துக்கு வேறு ஆள் கிடைக்காது என்று அவருக்கும் தெரியும். வேலை தப்பியது. அந்தியில் கூண்டறைச் சாவி வாசல் காவலுக்கு நிற்கும் வாச்சர் கைக்குப் போனது.

புது எலிகள் வந்தன. இந்த முறை ஐயாவு சொல் தவற வழியில்லை. முதலில் தீனிக்கு ஓடி வந்தவை, போகப் போக மூலையிலேயே சுருண்டு கிடந்தன. பார்க்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு தீனி வைத்தார். சோதனையன்று வெறும் தீனி தின்றவை சீக்கிரமே மிதந்தன. குளிசை தின்றவை விடாமல் நீந்தின. நூரியாவுக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை.

அடுத்த நாள் வீட்டிலிருந்து வட்டிலப்பம் கொண்டுவந்து கொடுத்தாள். ஐயாவு ஒரு வாய் தின்றுவிட்டு, இந்தக் குளிசை மனுசருக்கும் கேட்குமா என்று விசாரித்தார். அது இன்னும் தெரியாது, எலியிலிருந்து மனிதருக்கு வர எவ்வளவோ பார்க்க வேண்டும் என்றாள். பிறகு, யாருக்காகக் கேட்கிறீர்கள் என்றாள்.

அவர் தட்டைக் கீழே வைத்தார்.

"எலிக்குத் துணைன்னு சொன்னேன்ல மிஸ், அது பொய். ரெண்டும் ஒண்ணாச் சேந்து கீச்சுக்கீச்சுன்னு கெடக்கும். சொவத்துக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தா, ஆள் இருக்கிற வீடு மாதிரி கேக்கும். அதுல கண்ணசந்துருவேன்."

"இப்ப?"

"இப்பத் தூங்குறதில்ல மிஸ்."