கூடையில் எண்ணிய இலைகள்

சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து நான் சாப்பிடும் பரோட்டாக் கடைக்காரர் குள்ளமானவர். தோளில் எப்போதும் ஈரத்துண்டு. யார் சாப்பிட்டாலும் இலையை அவரேதான் எடுத்துக் கூடையில் போடுவார்.

ஒரு நாள் வரி அதிகாரி அந்தக் கூடையைக் கவிழ்த்து, எச்சில் இலைகளை எண்ணி, தினமும் இவ்வளவு வியாபாரம் என்று வரி போட்டார்.

“இன்னிக்கு மைன்ஸ்ல போனஸ் போட்ட நாளுங்க, அதான் கூட்டம்” என்று கடைக்காரர் கெஞ்சியது எடுபடவில்லை.

அடுத்த மாதம் அதே அதிகாரி, சம்பந்தி வீட்டாரோடு சாப்பிட வந்தார். கடைக்காரர் கேட்டுக் கேட்டுப் பரிமாறினார். சாப்பிட்டு முடித்ததும் எச்சில் இலைகளைக் கூடையில் போடாமல் அதிகாரி முன்னாலேயே அடுக்கினார்.

“எண்ணிக்குங்க சார். ஒண்ணு விட்டுப்போனாலும் கவர்மெண்டுக்கு நஷ்டங்க.”

கடைக்காரர் முகத்தில் சிரிப்பே இல்லை. சம்பந்தி அதிகாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்துபோய் என் இலையையும் அந்த அடுக்கின் மேல் வைத்தேன்.