ஞாயிற்றுக்கிழமை விரதம்

எங்கள் வீட்டில் அரிசிக்குக் குறை வந்ததில்லை. ரேஷனில் போடுவார்கள். அறுப்பு நாளில் அப்பா கூலியோடு கொஞ்சம் நெல்லும் கொண்டுவருவார். சோற்றின்மேல் ஊற்றுவதற்குத்தான் யோசனை. அந்த யோசனை முழுக்க அம்மாவுடையது.

அப்பா டிராக்டர் ஓட்டினார். சொந்த வண்டி இல்லை. ஊரில் ஒருவரிடம் சம்பளத்துக்கு ஓட்டினார். வண்டி ஓடினால் சம்பளம், நின்றால் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் பணம் கைக்கு வரும். அம்மா உடனே பையை எடுத்துக்கொண்டு கிளம்ப மாட்டாள். இருட்டும் நேரம் பார்த்துத்தான் சந்தைக்குப் போவாள். கடைக்காரர்கள் சாக்கை உதறி மடிக்கிற நேரம். அப்போதுதான் ஒரு கூறு கத்தரிக்காய் கேட்டால் இரண்டு கூறாகத் தள்ளிவிடுவார்கள்.

முதலில் மளிகை. எண்ணெய், பருப்பு, புளி, மிளகாய். மிச்சத்தில் காய். திரும்பி நடக்கும்போதே அந்த வாரம் முழுவதையும் அம்மா சமைத்து முடித்துவிடுவாள், வாயால்.

"திங்கக்கெழம கீரை. இல்லன்னா வாடிப்போயிரும். செவ்வாக்கெழம கத்திரிக்கா. புதன் முட்டை. சேனைக்கெழங்கு கெடக்கட்டும், அது வியாழன் வரைக்கும் தாங்கும். வெள்ளிக்கு முருங்கக்கா சாம்பார்."

சீக்கிரம் கெடுவது முன்னால், கெடாதது பின்னால். தேங்காயில் ஒரு மூடி ஒரு நாளைக்கு, மறு மூடி இன்னொரு நாளைக்கு. அவித்த முட்டையைத் தையல் நூலால் அறுத்துப் பாதி பாதியாக வைப்பாள். கத்தியால் அறுத்தால் மஞ்சள் கரு கத்தியில் ஒட்டிக்கொள்ளும், அது நஷ்டம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கவுச்சி. கையில் இருப்பதைப் பொறுத்து மீனோ கோழியோ.

ஒரு நாளின் காயை இன்னொரு நாளில் தொடக்கூடாது. அது சட்டம். அப்பா ஒருமுறை திங்கட்கிழமையே சேனை வறுவல் கேட்டார். "வியாழக்கெழம வந்து கேளுங்க" என்றாள் அம்மா. அவரும் வியாழக்கிழமைதான் சாப்பிட்டார்.

நான் சொல்ல வந்தது ஆற்றில் தண்ணீர் தாமதமாக வந்த வருஷத்தில் நடந்தது. தண்ணீர் வராமல் யாரும் உழவு ஓட்டவில்லை. டிராக்டர் கொட்டகையில் நின்றது. சனிக்கிழமைப் பணம் பாதியாகிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மீனும் இல்லை, கோழியும் இல்லை. கருவாடு. அம்மா காலையிலேயே நெத்திலியைக் கிள்ளிச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டிருந்தாள். எனக்கும் தம்பிக்கும் அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. கருவாட்டுக் குழம்பு எங்களுக்குப் பிடிக்கும்.

அப்போது மாமாவிடமிருந்து போன் வந்தது. அம்மாவின் தம்பி. கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடையில் மாசச் சம்பளத்துக்கு இருந்தார். போனில் அக்காவோடு மட்டும் பேசத் தெரியாது, எல்லாரும் கேக்கட்டும், ஸ்பீக்கரில் போடு என்பார். அதனால் எல்லோருக்கும் கேட்டது.

"அக்கா, புள்ளைங்க அத்த வீட்டுக்குப் போவணும்னு ஒரே அழும்பு. கெளம்பிட்டோம். பாவநாசம் தாண்டியாச்சு. விசேஷமா ஒண்ணும் பண்ணாத. சும்மா மீன் கீன் இருந்தாப் போதும்."

"வாங்க, வாங்க. பாத்து வா தம்பி" என்றாள் அம்மா. குரலில் ஒன்றும் தெரியவில்லை. போனை வைத்துவிட்டு அடுப்படியில் அப்படியே நின்றாள்.

அப்பா வாசலிலிருந்து கேட்டார். "மாப்ள வர்றானா? ஒரு கிலோ கோழி எடுத்துருவமா?"

"எத வச்சு?"



ஒரு கிலோ கோழி எடுத்தால் அடுத்த சனிக்கிழமை வரை வரவேண்டிய பணம் செவ்வாய்க்கிழமையே முடிந்துவிடும். எடுக்காவிட்டால் மாமாவுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் அவர் சட்டைப்பையில் கை விடுவார். அதுதான் அம்மாவுக்கு ஆகாதது. அவள் தூக்கி வளர்த்த தம்பி. போனில் எப்போது கேட்டாலும் நல்லா இருக்கோம் என்றுதான் சொல்லி வைத்திருந்தாள்.

கொஞ்ச நேரம்தான் நின்றாள். பிறகு கருவாட்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய், துவைக்கிற கல்லுக்குப் பின்னால் வைத்துக் கூடையால் மூடினாள். வீட்டைத் தண்ணீர் தெளித்துக் கூட்டினாள். தணலில் சாம்பிராணியை அள்ளிப் போட்டாள். வீடு முழுக்கப் புகை. என் தம்பி இருமினான்.

"கேட்டா வெரதம்னு சொல்லுங்க" என்றாள் அப்பாவிடம்.

"யாருக்கு?"

"எல்லாருக்குந்தான்."

"எந்த சாமிக்கு?"

"எதாவது ஒரு சாமிக்கு. போயி மூஞ்சியக் கழுவி துண்ணூறு பூசிட்டு வாங்க."

அப்பா திருநீறு பூசிக்கொண்டு வந்தார். கொஞ்சம் அதிகமாகவே பூசியிருந்தார்.

மாமா, அத்தை, பிள்ளைகள் இரண்டு பேர், நான்கு பேரும் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். மாமா உள்ளே நுழைந்ததும் மூக்கை உறிஞ்சினார்.

"என்னக்கா, ஞாயித்துக்கெழமையும் அதுவுமா சாம்பிராணி மணக்குது?"

"வேண்டுதல் தம்பி. மாரியம்மனுக்கு. ஒரு மண்டலம் வீட்டுல கவுச்சி கெடையாது."

"அப்புடி என்ன வேண்டுதல்?"

அம்மா அதுவரைக்கும் யோசித்து வைத்திருக்கவில்லை என்று இப்போது தெரிகிறது. அவள் பார்வை வீட்டைச் சுற்றி வந்து என்மேல் நின்றது.

"இவளுக்குத்தான். அடிக்கடி காய்ச்சல் வருது."

எனக்குக் காய்ச்சல் வந்ததாக எனக்கே நினைவில்லை. மாமா என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "லேசா சுடுதே" என்றார். வாசலில் தண்ணீரில் கழுவிக்கொண்டு வந்த கை. பெரியவர்கள் வேண்டிக்கொள்கிற அளவுக்கு எனக்கு ஏதோ இருக்கிறது, என்னிடம் மறைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். மூலையில் போய் உட்கார்ந்து என் கழுத்தை நானே தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அன்று அம்மா தன் சட்டத்தைத் தானே உடைத்தாள். வெள்ளிக்கிழமையைத் தூக்கி ஞாயிற்றுக்கிழமையில் வைத்தாள். முருங்கைக்காய் சாம்பார். வியாழக்கிழமையின் சேனையும் வறுவலாக வந்துவிட்டது. கீரையைக் கடைந்தாள். இருந்த வெல்லத்தில் கொஞ்சம் பாயசம். அவள் கை ஓடுகிற வேகத்தைப் பார்த்தால் இதெல்லாம் முன்பே திட்டம் போட்டது போலத்தான் இருக்கும். இலையில் பரிமாறியபோது குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை. அந்த வாரத்தின் பின்பாதி முழுக்க அந்த இலைகளில் இருந்தது.

மாமா நன்றாகச் சாப்பிட்டார். நடுவில் அப்பாவைப் பார்த்தார்.

"மச்சான், நீங்களுமா? மீன் வாடை இல்லன்னா ஒங்களுக்கு எலையில கையே போவாதே."

"சாமி விஷயம் மாப்ள. நாம என்னத்தச் சொல்றது" என்றார் அப்பா. சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் சாம்பார் கேட்டார்.

சாப்பிட்டு முடித்து அத்தை கை கழுவக் கொல்லைக்குப் போனாள். தண்ணீர் ஊற்ற நான் கூடப் போனேன். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் பக்கத்து வீட்டுப் பூனை கூடையைப் பாதி தள்ளியிருந்தது. அத்தை அதை விரட்டினாள். கூடையைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே நெத்திலி ஊறிக்கொண்டிருந்தது. வாடை எனக்கே அடித்தது.

அத்தை கூடையைப் பழையபடி கவிழ்த்தாள். பக்கத்தில் கிடந்த செங்கல்லை எடுத்து மேலே வைத்தாள். பூனை மறுபடி வந்தாலும் தள்ள முடியாதபடி அமுக்கி வைத்தாள். பிறகு கையை நீட்டினாள். நான் தண்ணீர் ஊற்றினேன். சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவினாள்.

"ஒனக்குக் காய்ச்சல் எப்ப வந்துச்சு பாப்பா?"

"தெரியல அத்த. அம்மாவுக்குத்தான் தெரியும்."

அத்தை சிரித்தாள். சத்தம் வராமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. சாகப்போகிற பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் ரொம்ப நாள் இருந்தது.

சாயங்காலம் அவர்கள் கிளம்பினார்கள். வண்டி மறைந்ததும் அப்பா திருநீற்றைத் துண்டால் துடைத்தார்.

"அப்பாடா. சட்டிய எடு. ராத்திரிக்கு அந்தக் கொழம்ப வச்சுரு."

"எந்தக் கொழம்பு?"

"கருவாடுதான்."

"மாரியம்மன் பேருல சொல்லிப்புட்டேன்" என்றாள் அம்மா. அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"அது சும்மா சொன்னதுதானடி."

"நமக்கு சும்மா. அவளுக்கு?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "ஒரு மண்டலம்னா சொல்லணும்? ஒரு வாரம்னு சொல்லித் தொலைக்கக் கூடாதா?" என்றார். கருவாடு பக்கத்து வீட்டுக்குப் போனது. குழம்பு கொதிக்கிற வாடை வேலி தாண்டி வந்தபோது நாங்கள் ரசச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சாமி பேரைச் சொல்லிவிட்டு மீறினால் பெண்ணுக்கு நிஜமாகவே ஏதாவது வந்துவிடும் என்று அம்மா பயந்தாள். அதனால் ஒரு மண்டலமும் எங்கள் வீட்டில் கவுச்சி இல்லை. முட்டைகூட இல்லை.

அந்த வாரத்தின் பின்பாதியை வாழைத்தண்டும் பப்பாளிக்காயும் பார்த்துக்கொண்டன. இரண்டும் கொல்லையில் இருந்தவை. பிறகு வந்த வாரங்களில் ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒதுக்குகிற பணம் மிச்சமானது. பருப்பும் எண்ணெயும் சனிக்கிழமை வரைக்கும் தாங்கின. அப்பா சில நாள் கடைத்தெருவில் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிட்டு, வாய்க்காலில் வாய் கொப்பளித்துக்கொண்டு வருவார். அம்மாவுக்குத் தெரியும். கேட்க மாட்டாள். நான் மட்டும் தினமும் காலையில் எழுந்து கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் வரவேயில்லை. மாரியம்மன் காப்பாற்றிவிட்டாள் என்றுதான் நம்பினேன்.

விரதம் முடிந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அத்தை போன் செய்தாள். அதற்கு முன் வந்ததெல்லாம் மாமாவின் போன்தான். சொல்லாமல் கிளம்பிப் பாதி வழியில் பேசுகிற போன். இது அப்படி இல்லை.

"அண்ணி, ஞாயித்துக்கெழம வரலாம்னு இருக்கோம். முன்னாடியே சொல்லிட்டேன், நீங்க சந்தைக்குப் போறதுக்குத் தோதா இருக்கும். இன்னொன்னு அண்ணி. இவருக்கு ரத்தத்துல கொழுப்பாம். டாக்டரு கவுச்சியே கூடாதுன்னுட்டாரு. ஒரு ரசம், ஒரு தொவையல் போதும். வேற எதும் பண்ணிறாதீங்க, அவரு ஒடம்புக்கு ஆகாது."

அம்மா பதறிவிட்டாள். "இந்த வயசுலயா? என்ன வயசாவுது எந்தம்பிக்கு?"

"என்ன பண்றது அண்ணி" என்றாள் அத்தை.

அந்த வாரம் அம்மா சந்தையில் காய் வாங்கும்போது ஒரு ஆளுக்குப் பத்தியம் என்று கணக்கில் சேர்த்துக்கொண்டாள். மாமா வந்தார். ரசமும் பருப்புத் துவையலும் கத்தரிக்காய்க் கூட்டும் சாப்பிட்டார். அப்பா அவர் தொடையில் தட்டி, "ஒனக்குக் கொழுப்பு எப்பவும் உள்ளதுதானே மாப்ள, டாக்டருக்கு இப்பத்தான் தெரிஞ்சுதா" என்றார். மாமா இலையைப் பார்த்துக்கொண்டே சிரித்தார்.

அதன்பிறகு எப்போது வந்தாலும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை அத்தையிடமிருந்து போன் வரும். ஞாயிற்றுக்கிழமை வருவார்கள். மாமாவுக்கு எண்ணெய் குறைத்து அம்மா தனியாகத் தாளிப்பாள். அவர் வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கும் மீன் கிடையாது. அதனால் எனக்கு அவர் வருவதே பிடிக்காமல் போயிற்று. நோயாளி மாமா என்று தம்பியும் நானும் எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது பாத்திரம் எடுக்க மாமா கடைக்குத் தனியாகப் போனேன். ஞாயிற்றுக்கிழமை. அரை நாள்தான் கடை. மத்தியானம் அவரே வீட்டுக்கு அழைத்துப் போனார். வாசலிலேயே ஆட்டுக்கறிக் குழம்பு மணத்தது. மாமா சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். நல்லி எலும்பாகப் பார்த்து எடுத்துத் தட்டின் விளிம்பில் தட்டி, உறிஞ்சிச் சாப்பிட்டார். எனக்குப் பயமாக இருந்தது.

"மாமா, டாக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

"எந்த டாக்டரு?" என்றார் மாமா.

கேட்டுவிட்டு அவரே நிறுத்தினார். எலும்பு கையில் இருந்தது. அத்தையைப் பார்த்தார். அத்தை என் தட்டில் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"கைய எடு பாப்பா, சூடா இருக்கு" என்றாள்.

நான் கையை எடுத்தேன். சாப்பிட்டேன். மாமா எலும்பைத் தட்டில் வைத்துவிட்டு, "நல்லா போட்டுச் சாப்பிடு" என்றார்.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அவளுக்கே தெரியுமோ என்னவோ. இப்போது தம்பி வேலைக்குப் போகிறான். வீட்டில் வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள்கூட மீன் எடுக்கிறார்கள். மாமா வருகிற ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்பதில்லை. அன்றைக்கு ரசம், துவையல், கூட்டு. அவரும் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொல்லிச் சாப்பிடுகிறார்.